குழந்தைக்கு அவசரப் பிரிவில் ஸ்கேன் எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை கட்டிலிலிருந்து தரையில் விழுந்து, நெற்றி புடைத்துக்கொண்டது. அவசரப் பிரிவு மருத்துவர் நடந்ததைக் கேட்டார், தலையைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே கதிர்களால் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை என்று சொல்லி, சில மணி நேரம் அங்கேயே இருக்கச் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். 'படமே எடுக்காமல் தலைக்குள் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொன்னார்?' என்பது கேள்வியின் ஒரு பாதி. 'குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தால் பின்னாளில் புற்றுநோய் வரும் என்கிறார்களே, அது உண்மையா?' என்பது மறுபாதி. எடுக்காவிட்டாலும் பயம், எடுத்தாலும் பயம் என்ற இந்த நிலையில்தான் பெரும்பாலான பெற்றோர் எங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

குழந்தைகளுக்கான அவசர சிகிச்சையில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். ஸ்கேன் என்பது நாம் கேட்கும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் கருவி. கேள்வி தெளிவாக இல்லாமல் எடுக்கப்படும் படம் பல நேரங்களில் பதிலுக்குப் பதிலாகப் புதுக் குழப்பத்தையே கொண்டுவருகிறது. ஆகவே எந்த ஸ்கேன் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம், கிடைத்தால் என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டும் மருத்துவரின் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

தலைக்காயத்தில் அந்தத் தெளிவு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் 25 அவசரப் பிரிவுகளில், தலையில் அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் வந்த 42,412 குழந்தைகளைப் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. 'பெகார்ன்' என்ற ஆய்வுக் கூட்டமைப்பு நடத்திய அந்த ஆய்வின் நோக்கம், யாருக்கு ஸ்கேன் தேவை என்பதைவிட, யாருக்கு ஸ்கேன் இல்லாமலேயே பயமின்றி இருக்கலாம் என்று கண்டறிவது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: நினைவு நிலையில் மாற்றம், விரலுக்குத் தட்டுப்படும் மண்டையோட்டு முறிவு, நெற்றியைத் தவிர்த்த பிற இடங்களில் தலைத்தோல் வீக்கம், ஐந்து விநாடியோ அதற்கு மேலோ நினைவிழப்பு, கடுமையான விபத்து முறை, பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இல்லாமை. இவற்றில் ஒன்றுகூட இல்லாத குழந்தைக்கு, சிகிச்சை தேவைப்படும் அளவு மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு 0.02 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது ஐயாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு. முதல் இரண்டில் ஒன்று இருந்தால் அதே வாய்ப்பு 4.4 சதவீதமாக உயர்கிறது. அங்கே ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது. மற்ற நான்கில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் ஏறக்குறைய 0.9 சதவீதம். இந்த நடுப்பகுதியில்தான் மருத்துவரின் அனுபவம், குழந்தையின் வயது, அறிகுறிகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது, பெற்றோரின் மனநிலை எல்லாம் சேர்ந்து முடிவெடுக்கின்றன. மூன்று மாதத்துக்குட்பட்ட சிசு என்றால் தராசு ஸ்கேன் பக்கம் சாயும்.

இப்போது அந்த நெற்றிப் புடைப்புக்கு வருவோம். பார்ப்பவரைப் பதறவைக்கும் வீக்கம் அது. ஆனால் பட்டியலில் நெற்றி விலக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல. நெற்றி எலும்பு தடித்தது, நடை பழகும் குழந்தைகள் அடிக்கடி இடித்துக்கொள்வதும் அங்கேதான். காதுக்கு மேலேயுள்ள பக்கவாட்டு எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே மூளை உறைக்கான தமனி ஓடுகிறது. அங்கே ஊறிய தண்ணீர்ப் பை போல அமுங்கும் வீக்கம் கையில் தட்டுப்பட்டால், அதன் அடியில் எலும்பு கீறியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் உடனே எழும். மருத்துவர் விரலால் தலையைத் தடவியது ஆறுதலுக்காக அல்ல, அதுவே ஒரு பரிசோதனை. 'எவ்வளவு உயரத்திலிருந்து?' என்று அவர் கேட்டதும் அப்படித்தான்: இந்த வயதில் மூன்று அடி, அதாவது ஏறக்குறைய 90 சென்டிமீட்டரைத் தாண்டிய விழுதல் கடுமையானதாகக் கணக்கிடப்படுகிறது, இரண்டு வயதுக்கு மேல் அந்த எல்லை ஐந்து அடி. சாதாரணக் கட்டில் மூன்று அடிக்குள் அடங்கிவிடும்.

சில மணி நேரம் காத்திருக்கச் சொன்னதை அலட்சியம் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில், கதிர்வீச்சே இல்லாத மிக நல்ல பரிசோதனை அது. குழந்தை அழுகையை நிறுத்தி அம்மாவின் வளையலைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறதா, கொடுத்ததைக் குடித்து வயிற்றில் தங்கவைக்கிறதா, தூங்கினால் எழுப்பும்போது வழக்கம்போல் சிணுங்கி விழிக்கிறதா என்பதையெல்லாம் செவிலியர் குறித்துக்கொண்டே இருப்பார். உள்ளே ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறினால், குழந்தை முன்னேறாது. மந்தமாகும், மீண்டும் மீண்டும் வாந்தி எடுக்கும். சி.டி. ஒரு கணத்தின் படம். கண்காணிப்பு மணிக்கணக்கில் ஓடும் காட்சி. அடிபட்டு அரை மணி நேரத்தில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், குழந்தையைக் கவனிக்கும் வேலை முடிந்துவிடுவதில்லை.

இனி கதிர்வீச்சைப் பற்றி. பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. குழந்தையின் திசுக்கள் வேகமாகப் பிரிந்து வளர்கின்றன; பாதிப்பு ஏதேனும் ஏற்பட்டால் அது வெளிப்படுவதற்கான ஆயுளும் நீளமாக முன்னால் கிடக்கிறது. பெரியவருக்கான அமைப்பிலேயே எந்திரத்தை இயக்கினால், சிறிய உடல் தேவைக்கு மிஞ்சிய அளவைப் பெறுகிறது. பிரிட்டனில் இளம் வயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு, அளவு கூடக்கூட ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தந்தது. அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்பதே அந்த மதிப்பீடு. மூளையில் ரத்தக்கசிவு இருக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புள்ள குழந்தைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றைக் காட்டி ஸ்கேனை மறுப்பது விபரீதம். ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புள்ள குழந்தைக்கு 'மன நிம்மதிக்காக' எடுப்பதும் நியாயமில்லை. கணக்கு இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு உதவும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறோம். ஒரு தலை சி.டி. ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது சில நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். எனவே 'எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒன்றுதானே' என்று எண்ணி, கை முறிவுக்கு எக்ஸ்ரே எடுக்கவே அஞ்சுவது வீண். வயிற்று சி.டி. தலை சி.டி.யைவிடப் பொதுவாகக் கூடுதல். அதிலும் உறுப்புகளைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்தைச் செலுத்துமுன் ஒருமுறை, செலுத்தியபின் ஒருமுறை என்று இரட்டையாக எடுப்பது குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. 2008இல் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் வலியுறுத்தியதும் இதைத்தான்: குழந்தையின் உடலளவுக்கேற்ப எந்திரத்தை அமைத்துக்கொள், தேவையான பகுதியை மட்டும் எடு, ஒருமுறை மட்டும் எடு. இடுப்புப் பகுதியை ஈயத் தகட்டால் மூடவில்லையே என்று சிலர் கோபிப்பார்கள். அந்த நெடுநாள் வழக்கத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அறிவித்துவிட்டது. தகடு தவறான இடத்தில் விழுந்தால் படம் மறைந்து மறுபடி எடுக்க நேர்வதும், எந்திரம் தானாகவே அளவைக் கூட்டிவிடுவதும்தான் காரணம்.

வயிற்று வலிக்கு முதல் கருவி அல்ட்ராசவுண்ட். குழந்தைகள் மெலிந்தவர்கள், கொழுப்புப் படலம் குறைவாக இருப்பதால் ஒலியலைகள் நன்றாக ஊடுருவி, பெரியவர்களிடம் கிடைக்காத தெளிவான படம் கிடைக்கும். குடல்வால் அழற்சி (அப்பென்டிசைட்டிஸ்) என்ற சந்தேகத்தில், கருவியை மெல்ல அழுத்திக்கொண்டே குடலை ஒதுக்கிப் பார்ப்பார்கள்; விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டி, அழுத்தினாலும் அமுங்காமல் நிற்கும் குழாய் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். இங்கே ஒரு நெருடல் உண்டு. 'குடல்வால் தெரியவில்லை' என்று அறிக்கை வந்தால், அதற்குக் 'குடல்வால் அழற்சி இல்லை' என்று பொருளில்லை. சுற்றிலும் வேறு அழற்சி அடையாளங்களும் இல்லையென்றால் ஓரளவு நிம்மதி. அவை இருந்தாலோ சந்தேகம் தீராவிட்டாலோ அறுவை மருத்துவர் மீண்டும் கைவைத்துப் பார்ப்பார், சில மணி நேரம் கழித்து மறு ஸ்கேன், அதிலும் தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது குறைந்த அளவில் சி.டி. என்று படிப்படியாகப் போவது வழக்கம்.

அல்ட்ராசவுண்டின் முழு அருமையும் தெரிவது குடல் செருகலில். மூன்று மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கியின் குழாய்போல நுழைந்து சிக்கிக்கொள்வது அது. பத்து மாதக் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று முழங்கால்களை வயிற்றோடு மடக்கி வீரிட்டு அழுகிறது. சில நிமிடங்களில் அடங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் பார்க்கிறது. கால் மணி நேரத்தில் மீண்டும் அதே அலறல். வெளுத்து, துவண்டு, பிறகு வாந்தி. ரத்தமும் சளியும் கலந்த மலம் வருவதற்குக் காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். வயிற்றின் வலப்புறம் கருவியை வைத்ததும், வெட்டிய வெங்காயத்தைப்போல் வளையத்துக்குள் வளையம் திரையில் எழும். அனுபவமுள்ள கண்ணுக்கு அது தவறாது. அதற்குப் பிறகு நடப்பதுதான் அழகு: அறுவை அறைக்குப் போகாமல், ஆசனவாய் வழியாக அளவான அழுத்தத்தில் காற்றை அல்லது நீரைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே செருகிய குடலைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நோயைக் கண்டுபிடித்த துறையே நோயைத் தீர்த்தும் விடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். பத்தில் ஒன்றில் மீண்டும் செருகலாம் என்பதால் உடனே வீட்டுக்கு விரையாமல் சற்று வைத்துப் பார்ப்பது நல்லது.

சில வாரமே ஆன குழந்தை பால் குடித்த கையோடு பீறிட்டு வாந்தி எடுத்து, உடனே பசியோடு மறுபடி பாலுக்குத் தவித்தால், இரைப்பை குடலுக்குள் திறக்கும் வாயிலில் தசை தடித்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். அந்தத் தசையின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் முடிவு தெளிவு. ஆனால் பிறந்த சில நாள் சிசுவின் வாந்தி பச்சை நிறத்தில் இருந்தால் கதை வேறு. குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே திரையில் அதன் பாதையைப் பார்ப்பது வழக்கமான பரிசோதனை என்றாலும், படம் எடுக்கும் அறைக்குக் குழந்தை போகும் நேரத்திலேயே அறுவை மருத்துவருக்குச் செய்தி போயிருக்க வேண்டும்.

படமே தீங்காகும் இடமும் உண்டு. விதைப்பையில் திடீரென்று கடும் வலியோடு வரும் சிறுவனுக்கு விதை முறுக்கு என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், அல்ட்ராசவுண்ட் வரிசையில் காத்திருப்பது தவறு. வலி தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதன் பிறகு வேகமாகச் சரியும். அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்லிக்கொண்டு வெட்கத்தில் மறைக்கும் சிறுவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். வயிற்று வலியோடு வரும் ஒவ்வொரு பையனுக்கும் உள்ளாடையைத் தளர்த்திப் பார்ப்பது எந்த ஸ்கேனையும்விட முக்கியம்.

எக்ஸ்ரேயின் எளிமை எங்கே உயிர் காக்கிறது என்றால், குழந்தை எதையோ விழுங்கியபோது. வட்டமான ஒன்று உணவுக்குழாயில் நிற்கிறது என்று படம் காட்டினால், அது நாணயமா பட்டன் பேட்டரியா என்று உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும். பேட்டரியின் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு சிறு படிக்கட்டுபோல் விளிம்பு இறங்கும். நாணயம் என்றால், குழந்தை எச்சிலை விழுங்குகிறது, மூச்சுத் திணறல் இல்லை என்ற நிலையில், சில மணி நேரம் பொறுக்கலாம். பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. ஈரமான திசுவோடு பட்டு அது உண்டாக்கும் காரத்தன்மை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். இதற்கு நேர்மாறானது மூச்சுக்குழாயில் சிக்கிய கடலை. அது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. கொறித்துக்கொண்டிருந்தபோது புரையேறி, பிறகு விடாத இருமலும் ஒருபக்க மூச்சொலிக் குறைவும் இருந்தால், படம் சரியாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிட முடியாது. உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்ப்பதே வழி.

சளியும் இளைப்புமாக வரும் கைக்குழந்தைக்கு நெஞ்சு எக்ஸ்ரே பெரும்பாலும் உதவாது. சிறு மூச்சுக்குழாய் அழற்சியில் படத்தில் தெரியும் லேசான திட்டுகளை நிமோனியா என்று எண்ணித் தேவையற்ற ஆன்டிபயாடிக் கொடுக்கத்தான் அது வழிவகுக்கிறது. கைக்குழந்தைகளின் நெஞ்சு நடுவே இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸ் சுரப்பி, பாய்மரத்தின் துணிபோல் ஒருபுறம் விரிந்து தெரிவதைக் கட்டி என்று பயந்து ஓடிவந்தவர்களும் உண்டு.

எலும்பில் குழந்தைகளின் உடல் மருத்துவரையும் ஏமாற்றும். முழங்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வயது தொடங்கிப் பதினோரு வயதுவரை ஆறு எலும்புத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அந்த வரிசை தெரியாதவருக்கு இயல்பானது முறிவாகவும், முறிவு இயல்பாகவும் தெரியும். எலும்பின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது, எக்ஸ்ரேயில் வெறும் இடைவெளியாகவே தெரியும். ஆகவே அங்கே ஏற்படும் முறிவு முதல் நாள் படத்தில் இல்லாமலே போகலாம். 1963இல் சால்ட்டரும் ஹாரிஸும் இவ்வகை முறிவுகளை ஐந்தாக வகுத்தார்கள். அவற்றில் முதல் வகை பெரும்பாலும் விரலால் அழுத்தும்போது துல்லியமாக அந்த இடத்தில் வலிப்பதால்தான் பிடிபடுகிறது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் கட்டுப் போடுகிறேன், ஒரு வாரம் பத்து நாளில் வாருங்கள்' என்று மருத்துவர் சொன்னால் அது குழப்பமல்ல. அதற்குள் ஆறத் தொடங்கிய எலும்பு தன் அடையாளத்தைப் படத்தில் காட்டிவிடும்.

இதையொட்டிச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தவழக்கூடத் தொடங்காத சிசுவுக்கு எலும்பு முறிவு, அல்லது சொல்லப்பட்ட கதையோடு பொருந்தாத காயம் என்றால், யாராவது குழந்தையைத் துன்புறுத்தியிருக்கிறார்களா என்ற சந்தேகத்தில் உடல் முழுவதும் எலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். பெற்றோருக்கு அது அவமானமாகப் படும். குழந்தை பேச முடியாதது. அதற்காகப் பேசக்கூடியது அந்தப் படம் மட்டுமே. சந்தேகம் பொய்த்தால் எல்லாருக்கும் நிம்மதிதான்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லையே, எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தால் என்ன என்ற கேள்வி அடிக்கடி வரும். அது நேரம் பிடிக்கும், சத்தமிடும். அசையாமல் படுக்கச் சிறு குழந்தைக்கு மயக்கமருந்து தேவைப்படலாம், வயிறு நிறைந்த, அடிபட்ட குழந்தைக்கு மயக்கம் தருவதில் தனி ஆபத்து உண்டு. சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்.ஆர்.ஐ. இப்போது பழக்கத்துக்கு வந்திருக்கிறது. மூளைநீர் வடிகுழாய் பொருத்தப்பட்டு அடிக்கடி ஸ்கேன் தேவைப்படும் குழந்தைகளுக்கு அது பெரிய வரம். சில மாத சிசுவுக்குப் பால் கொடுத்து, துணியால் இதமாகச் சுற்றி, தூங்கவைத்தே எடுத்துவிடலாம்.

ஸ்கேன் வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது கேட்க வேண்டியவை மூன்று: இதில் என்ன தேடுகிறீர்கள், இதற்குப் பதிலாக அல்ட்ராசவுண்டோ காத்திருப்போ போதுமா, எந்திரம் குழந்தையின் அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா. முந்தைய படங்கள் இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது படங்கள் கூடவே போகாததால் ஒரே ஸ்கேன் இரண்டாம் முறை எடுக்கப்படுவது வருத்தத்துக்குரிய வகையில் சாதாரணமாக நடக்கிறது.

கேட்டவரின் குழந்தைக்கு இன்னும் ஒன்று நடக்கக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நாளில் நெற்றிப் புடைப்பு வற்றும்போது, உறைந்த ரத்தம் தோலுக்கடியில் கீழிறங்கி, இரு கண் இமைகளும் நீலம் பாரித்து வீங்கலாம். குழந்தை வழக்கம்போல் விளையாடி, குடித்து, தூங்கி எழுந்துகொண்டிருந்தால் அது ஆறுவதன் அடையாளமே, ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. நெற்றியில் வீக்கமே இல்லாமல் கண்களைச் சுற்றிக் கருத்தாலோ, காதுக்குப் பின்புறம் கன்றினாலோ, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, எந்த நேரமானாலும் அப்போதே அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்; அங்கே சி.டி. எடுக்கச் சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள்.